இறக்கத்தில் 'டக் டக்': ட்ரெய்லர் ஹிட்சுக்குக் கிரீஸ் போடுவதா, காயவிடுவதா?

கொழுந்துவண்டி (டிக்கோயா) எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து ஏற்றுகிற ட்ரெக்டர் ஓட்டுகிறேன். மெசி 240, பின்னால் இரண்டு சில்லு ட்ரெய்லர். மேல் மலையிலிருந்து ஸ்டோருக்கு (தேயிலைத் தொழிற்சாலை) ஐந்து கிலோமீற்றர், அதில் மூன்று இறக்கம். ஒரு மாதமாக இறக்கத்தில் பிரேக்கில் கால் வைத்ததும் பின்னால் 'டக்' என்று ஒரு அடி. காலை எடுத்ததும் இன்னொரு 'டக்'. முதுகில் யாரோ தட்டிக் கூப்பிடுகிற மாதிரி இருக்கும்.

கராஜில் கேட்டால் "ட்ரெக்டரையும் ட்ரெய்லரையும் கோக்கிற ஹிட்சில் கிரீஸ் காய்ந்துவிட்டது, போடு" என்றார்கள். போட்டேன். இரண்டு நாள் சத்தமே இல்லை. மூன்றாம் நாள் முன்னைவிட மோசம். எங்களோடு வேலை செய்கிற பெரியவர் ஒருவர், "ஹிட்சுக்குக் கிரீஸே ஆகாதுடா, மண்ணை இழுத்து வைத்துக்கொள்ளும்" என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

கேரட்மலை (கந்தப்பளை) எழுதியது:

பெரியவர் சொல்வதுதான் சரி. 14 வருடமாக உரமும் மரக்கறியும் இழுக்கிறேன், ஹிட்ச் பின்னுக்கு (ட்ரெய்லர் வளையத்துக்குள் செருகுகிற இரும்புக் கம்பி) ஒரு சொட்டுக் கிரீஸ் போட்டது கிடையாது. கிரீஸும் மணலும் சேர்ந்தால் அது அரத்தாள்தான். இரும்பை இரும்பு தின்னட்டும், மண் தின்னக் கூடாது.

வவுனியா_மருமகன் (தலவாக்கலை) எழுதியது:

எங்கள் பக்கம் ட்ரெய்லரைப் பெட்டி என்போம். இங்கே வந்த புதிதில் "பெட்டிக்குக் கிரீஸ் அடிக்கணும்" என்று சொன்னதற்கு, மாமனார் வீட்டில் ட்ரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து வைத்தார்கள். சரி, விஷயத்துக்கு வருவோம். வயலில் ஓடுகிற லேண்ட் மாஸ்டருக்கு (இரண்டு சில்லு ட்ரெக்டர்) நாங்கள் தினமும் காலையில் கிரீஸ் கன்னால் இரண்டு அடி அடிப்போம். ஒன்றும் கெடவில்லையே.

லேத்பட்டறை (ஹட்டன்) எழுதியது:

கிரீஸ் போடுவதா வேண்டாமா என்பது இரண்டாவது கேள்வி. தம்பி, பின்னைக் கழற்றிப் பார்த்தீர்களா? கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, துணியால் துடைத்துவிட்டு, கட்டை விரல் நகத்தை மேலிருந்து கீழே ஓட்டுங்கள். நடுவில் நகம் படி இறங்குகிற மாதிரி ஓர் இடத்தில் தட்டும். அங்கேதான் தேய்ந்திருக்கிறது. ஸ்டோர் ஃபிட்டரிடம் வேர்னியர் அளவுகோல் இருக்கும், வாங்கி இந்த அளவுகளை எடுத்துப் போடுங்கள்: தலைக்குக் கீழே தேயாத இடத்தில் பின்னின் விட்டம், தேய்ந்த இடத்தில் முன்பின்னாக, அதே இடத்தில் பக்கவாட்டாக. ட்ரெய்லர் வளையத்தின் ஓட்டையையும் அதே மாதிரி இரண்டு பக்கமும் அளக்க வேண்டும். அதற்கு முன் இன்னும் கிரீஸ் அடிக்காதீர்கள். சத்தத்தை மூடிவிட்டால் நோய் எங்கே என்று தெரியாது.

கொழுந்துவண்டி எழுதியது:

அளந்துவிட்டேன் அண்ணே. பின் தலைக்குக் கீழே 28 மிமீ. நடுவில் முன்பின்னாக 25.1, பக்கவாட்டாக 27.4. வளையம் பக்கவாட்டில் 31, முன்பின்னாக 36. முட்டை மாதிரி இருக்கிறது. கழுவும் வரைக்கும் இது கண்ணில் படவே இல்லை, கறுப்பு மெழுகு அடைத்து உருண்டையாகத்தான் தெரிந்தது. அந்த மெழுகை விரலில் தேய்த்தால் பல் துலக்கும் கரி மாதிரி நறநறவென்கிறது.

லேத்பட்டறை எழுதியது:

அந்த நறநறதான் உங்கள் பதில்.

36-லிருந்து 25.1-ஐக் கழியுங்கள். ஏறக்குறைய 11 மிமீ வெறும் இடம். ஏற்றத்தில் ட்ரெக்டர் இழுக்கும்போது பின் வளையத்தின் ஒரு பக்கம் அழுத்தி நிற்கும். இறக்கத்தில் பிரேக் பிடித்தால் ட்ரெய்லர் வந்து தள்ளும், வளையம் 11 மிமீ ஓடி வந்து மறுபக்கம் இடிக்கும். காலை எடுத்தால் திரும்ப இழுவை, இன்னொரு இடி. சமவெளியில் இழுக்கிற வண்டி காலையில் இழுக்கத் தொடங்கினால் மாலை வரைக்கும் ஒரே பக்கம்தான் தேயும். நம் ரோட்டில் ஒவ்வொரு வளைவுக்கும் இழுப்பும் தள்ளும் மாறி மாறி வரும். இடி வாங்கி இடம் பெரிதாகும், இடம் பெரிதானால் இடி இன்னும் பலமாகும். தம்பி வவுனியா வயல் கணக்கை இங்கே கொண்டு வந்தால் சரிப்படாது, மன்னிக்கணும் மருமகனே.

கிரீஸ் போட்டதும் சத்தம் நின்றது ஏன் என்றால், அந்த 11 மிமீ இடைவெளியைக் கிரீஸ் மெத்தை மாதிரி நிரப்பியது. இரண்டு நாளில் பிதுங்கி வெளியே வந்தது, அவ்வளவுதான்.

பின் எவ்வளவு தேய்ந்தால் மாற்றுவது? பாரம் தூக்குகிற சங்கிலி, ஷெக்கிள் இவற்றில் 10 சதவீதம் தேய்ந்தால் ஒதுக்கிவிடுவார்கள். பின்னுக்கும் நான் அதையே வைத்துக்கொள்கிறேன். 28-இல் 10 சதவீதம் போனால் 25.2. நீங்கள் அதையும் தாண்டிவிட்டீர்கள். விட்டம் 10 சதவீதம்தானே குறைந்தது என்று நினைக்க வேண்டாம். வெட்டுமுகப் பரப்பு 19 சதவீதம் குறைகிறது, வளைவைத் தாங்கும் வலு 27 சதவீதம் போகிறது. பின்னால் ஒரு தொன்னுக்கு மேல் கொழுந்தும், சில நேரம் மேலே ஆட்களும்.

கேரட்மலை எழுதியது:

அப்படியென்றால் நான் சொன்னதுதானே? கிரீஸ் போட்டதால்தானே நறநற வந்தது?

லேத்பட்டறை எழுதியது:

பாதி சரி அண்ணே. கிரீஸால் வரவில்லை, பழைய கிரீஸைத் துடைக்காமல் அதன் மேலேயே புதியதை அடித்ததால் வந்தது. நீங்கள் இருக்கிற பக்கம் காய்ந்த காலத்தில் தூசு பறக்கும், அங்கே காயவிடுவதில் நியாயம் இருக்கிறது. டிக்கோயா, வட்டவளை, கினிகத்தேனை என்று மேற்குச் சரிவில் மே முதல் செப்டெம்பர் வரைக்கும் தென்மேல் பருவமழை. வட்டவளைப் பக்கம் ஆண்டு மழை 5000 மிமீயைத் தொடும். காய்ந்த பின்னை அங்கே ஒரு இரவு விட்டால் காலையில் செம்மஞ்சள் துரு. அந்தத் துருத்தூளும் அரத்தாள்தான். உங்கள் பின் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று அளந்தீர்களா? கோபிக்காமல் ஒரு தடவை அளந்து போடுங்கள்.

கேரட்மலை எழுதியது:

நாளைக்கு அளக்கிறேன்.

மூணாம்கியர் (பொகவந்தலாவை) எழுதியது:

இதுக்கெல்லாம் ஏன் காசு? எஞ்சினில் கழற்றுகிற எரிஞ்ச ஒயிலைத் தூரிகையால் பூசுங்கள். நானும் அதைத்தான் செய்கிறேன், சும்மா கிடைப்பது.

ஸ்டோர்_ஃபிட்டர் (மஸ்கெலியா) எழுதியது:

தயவுசெய்து கொழுந்து வண்டியில் அதைச் செய்யாதீர்கள். எரிஞ்ச ஒயிலில் கரியும் எஞ்சின் தேய்ந்த இரும்புத் தூளும் இருக்கிறது. வழுக்கவும் செய்யும், அரைக்கவும் செய்யும். தோலில் தொடர்ந்து பட்டால் புற்றுநோய் வரக்கூடிய சாமான் அது, வெறும் கையால் தொடவே கூடாது. சொட்டுகிற ஒயில் எங்கே போகும்? வடிகால் வழியாக ஓடைக்கு, அந்தத் தண்ணீரைத்தான் கீழ் லயத்து வீடுகளில் குடிக்கிறார்கள்.

இன்னொன்றும் உண்டு. இரண்டு வருடத்துக்கு முன் எங்கள் ஸ்டோரில் கொழுந்துப் பை ஒன்றின் அடியில் கறுப்பாக ஒரு கை அடையாளம், ஐந்து விரலும் தெளிவாக. ட்ரெய்லரைக் கோத்துவிட்டு அதே கையால் பையைத் தூக்கிய அடையாளம். அந்தப் பை மட்டுமல்ல, அதனோடு வாடல் தொட்டியில் கொட்டியதையும் அள்ளி வெளியே போட்டோம். கொழுந்து மணத்தைச் சட்டென்று பிடித்துக்கொள்ளும். ஒயில் மணம் ஏறினால் அந்த வாடலே வீண். அதிலிருந்து எங்கள் வண்டியில் ஒரு பழைய துணியும் சவர்க்காரத் துண்டும் கட்டாயம். ஹிட்சைத் தொட்ட கை கழுவாமல் பையைத் தொடக் கூடாது.

மூணாம்கியர் எழுதியது:

சரி சரி. அந்தக் கை அடையாளம் என்னுடையது இல்லை.

பூந்தோட்டம் (நுவரெலியா) எழுதியது:

நான் ட்ரெக்டர் இல்லை, சின்ன விஷயம். பூ நாற்றுத் தட்டு ஏற்ற கப் வாகனத்துக்கு (பிக்கப்) பின்னால் ஒரு சிறிய ட்ரெய்லர், 'போல்' ஹிட்ச், அதாவது இரும்பு உருண்டையில் கோக்கிற வகை. இதற்கு என்ன பூசுவது? கடையில் டபிள்யூ.டி. 40 கொடுத்தார்கள். அடித்தால் நன்றாகத்தான் இருக்கிறது, பனி பெய்து விடிந்தால் திரும்பவும் கிறீச்.

திரும்பி_வந்தவன் (பண்டாரவளை) எழுதியது:

அக்கா, அது தண்ணீரை விரட்டுவதற்காக 1953-இல் செய்த திரவம், பெயரிலேயே இருக்கிறது, தண்ணீரை இடம்பெயர்க்க 40-ஆவது முயற்சி. துருப்பிடித்த லெட்சை (தாழ்) இளக்க நல்லது. பாரம் தாங்கும் இடத்தில் நிற்காது, ஆவியாகிப் போகும். அதை அடித்துத் துடைத்து, பிறகு போலின் மேல் கடலை அளவு லித்தியம் கிரீஸ் எடுத்து மெல்லிய படலமாகத் தடவுங்கள். போலின் மேல் உட்காருகிற ட்ரெய்லர் குவளைக்குள்ளும் கொஞ்சம். பூட்டு நாக்குக்கும் ஸ்பிரிங்குக்கும் இரண்டு சொட்டு ஒயில் போதும்.

இங்கிலாந்தில் ஒன்பது வருடம் கரவன் (வீடு மாதிரியான ட்ரெய்லர்) இழுக்கிற வேலையில் இருந்தேன், அதனால் இரண்டு எச்சரிக்கை. உங்கள் கப்ளிங்குக்குள் உராய்வுக் கட்டைகள் உள்ள ஆட்டம் தடுக்கும் வகை என்றால் கிரீஸ் ஒரு துளியும் ஆகாது. அது போலைப் பிடித்து உராய்ந்துதான் ஆட்டத்தை நிறுத்துகிறது. கிரீஸ் பட்டால் பிடி போகும், கட்டையே மாற்ற வேண்டி வரும். போலில் பெயின்ட் இருந்தால் அதையும் உரித்துவிட வேண்டும். உங்களுடையது சாதாரண வகையாக இருக்கத்தான் வாய்ப்பு, ஆனாலும் கையை விட்டுப் பாருங்கள்.

இரண்டாவது, போலின் அளவு. ஐரோப்பியப் போல் 50 மிமீ. அது 49-க்குக் கீழே தேய்ந்தால் தூக்கிப் போடுவார்கள். அமெரிக்க அளவில் 2 அங்குலம் உண்டு, அது 50.8. அதைவிடச் சின்னதாக 1 முழு 7/8 அங்குலம் என்றும் ஒன்று வரும், அது 47.6 மிமீதான். பழைய சாமான் கடையில் எல்லாம் ஒரே கூடையில் கிடக்கும், கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. 47.6 போலில் 50 குவளை அழகாக உட்காரும், பூட்டும் விழும், ஒரு பள்ளத்தில் குதித்தால் கழன்று வந்துவிடும். போலின் தலையில் அல்லது கழுத்தில் அளவு பொறித்திருக்கும், துருவைச் சுரண்டிப் படியுங்கள்.

பூந்தோட்டம் எழுதியது:

சுரண்டினேன். 50 என்றே இருக்கிறது, நிம்மதி. கட்டையும் இல்லை. ட்ரெய்லர் லைட்டுக்கான வயர் பிளக்கைப் பற்றியும் சொல்லுங்கள், பிரேக் லைட் ஒரு நாள் எரியும், ஒரு நாள் எரியாது.

திரும்பி_வந்தவன் எழுதியது:

பிளக்கின் பின்களில் பச்சை பூத்திருக்கும். செப்பு பனியில் பச்சையாகும். அதை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, கொன்டெக்ட் கிளீனர் அடித்து, சிலிக்கோன் கிரீஸ் ஒரு பூச்சு. வண்டிக் கிரீஸைத் திணிக்காதீர்கள், தூசு பிடித்துத் தொடுப்பே கெடும். கையில் ஒன்றும் இல்லையென்றால் பெட்டரி முனைக்குப் பூசுகிற மாதிரி வாஸ்லின் கொஞ்சம் போதும். பிளக்கை வாய் கீழ்நோக்கித் தொங்கவிட வேண்டும். போலை மூட ஒரு பழைய டெனிஸ் போலைப் பாதியளவு கீறி மாட்டுங்கள். அளவு சரியாக இருக்கும், பாவாடையில் கிரீஸ் படாது.

வவுனியா_மருமகன் எழுதியது:

கிரீஸ் எந்த வகை என்று யாராவது சொல்லுங்களேன். ஹார்ட்வெயாரில் நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்று ஐஸ்கிறீம் கடை மாதிரி அடுக்கியிருக்கிறார்கள்.

லேத்பட்டறை எழுதியது:

நிறம் சாயம்தான், அதை வைத்து வாங்காதீர்கள். கிரீஸ் என்பது ஒயிலைப் பிடித்து வைத்திருக்கும் சவர்க்காரம். எந்த உலோகத்தின் சவர்க்காரம் என்பதில்தான் குணம் மாறும். லித்தியம் என்றால் சூடு தாங்கும், உருகத் தொடங்க 180 பாகைக்கு மேல் போக வேண்டும். பழைய கல்சியம் வகை தண்ணீருக்குக் கரையாது, ஆனால் 100 பாகைக்குள் இளகிவிடும். ஹிட்ச் சூடாகிற இடம் இல்லை, அதனால் நம் மழைக்குக் கல்சியமும் மோசமில்லை. கெட்டித்தன்மைக்கு இரண்டாம் எண் என்று கேட்டு வாங்குங்கள். கறுப்பாக வரும் மொலி கிரீஸில் மொலிப்டினம் டைசல்பைட் தூள் இருக்கிறது. பாரத்தோடு உரசி நகர்கிற இடத்துக்கு அது நல்லது, கிரீஸ் பிதுங்கினாலும் அந்தத் தூள் இரும்பில் ஒட்டி நிற்கும். பின்னுக்கு நான் மொலிதான் பூசுவேன். முக்கியமாக, வகை மாற்றினால் பழையதை முழுக்கக் கழுவிவிட்டுப் போடுங்கள். சில சவர்க்காரங்கள் ஒன்றோடொன்று சேராமல் தண்ணீராக இளகிவிடும்.

கடுகண்ணாவை_ஏற்றம் (பேராதனை) எழுதியது:

கொள்கலன் இழுக்கிற பிரைம் மூவர் ஓட்டுகிறேன். எங்களுக்கு இந்தச் சண்டையே இல்லை, ஐந்தாம் சில்லுத் தட்டுக்கு (ட்ரெய்லர் உட்கார்ந்து திரும்புகிற தட்டு) கிரீஸ் கட்டாயம். தட்டு காய்ந்தால் ட்ரெய்லர் திரும்ப மறுக்கும், ஸ்டேரிங் கல் மாதிரி கனக்கும், ஈர ரோட்டில் வண்டி வளையாமல் நேரே போகப் பார்க்கும். கடுகண்ணாவையில் ஒரு தடவை அப்படி உணர்ந்தேன், அதற்குப் பிறகு மறந்ததில்லை. ஆனால் நாங்களும் பழைய கிரீஸைத் தகட்டால் வழித்துவிட்டுத்தான் புதியதைப் பூசுகிறோம்.

கொழுந்துவண்டி எழுதியது:

பட்டறை அண்ணே, பின் புதிதாகப் போடச் சொல்லிவிட்டேன். வளையத்துக்கு என்ன செய்வது? பக்கத்து டிவிஷன் ட்ரைவர், அதுவரைக்கும் ட்ரெக்டரின் பின்னால் உயரத்தில் இருக்கிற மேல் கைக்கான (டொப் லிங்க்) இடத்தில் கோத்துக்கொள், அங்கே ஓட்டை தேயாமல் இருக்கிறது என்கிறார். இன்னொருவர் 25 மிமீ கட்டடக் கம்பியை வெட்டிப் பின்னாகப் போடச் சொல்கிறார்.

லேத்பட்டறை எழுதியது:

மேலே கோக்கவே கோக்காதீர்கள். அந்த இடம் பின் அச்சுக்கு மேலே இருக்கிறது. அங்கிருந்து பாரம் இழுத்தால் ஏற்றத்தில் முன் சில்லு தூக்கும், ட்ரெக்டர் பின்பக்கமாகக் கவிழும். அப்படிக் கவிழும்போது குதித்துத் தப்ப நேரமே கிடைக்காது. ட்ரோபாரில் (இழுவைப் பட்டை), கீழேதான் கோக்க வேண்டும். ஒரு வாரம் வண்டி நின்றாலும் பரவாயில்லை.

கட்டடக் கம்பியில் வரிவரியாக மேடு இருக்கிறதே, அது வளையத்தை அரம் மாதிரி அரிக்கும். போல்ட்டும் வேண்டாம். 24 மிமீ போல்ட்டில் மரை வெட்டிய இடத்தில் உள்ளே இருப்பது ஏறக்குறைய 20 மிமீதான். பழைய லொறி எக்ஸலில் கடைந்து தருகிறேன் என்று சில கடைகளில் சொல்வார்கள். எக்ஸலின் மேல்தோல்தான் கடினமாக்கப்பட்டது, அதைக் கடைந்து தள்ளினால் உள்ளே மென்மையான இரும்பு மிஞ்சும். விலை கொஞ்சம் கூடினாலும் ஈ.என். 19 என்ற உருக்குக் கம்பியில் கடையுங்கள். தேய்ந்த பின்னுக்கு வெல்டிங் வைத்துக் கட்டி அராவுவதும் வேண்டாம், வெல்டின் ஓரத்தில் வெடிக்கும்.

வளையத்தின் சுவர் இன்னும் தடிப்பாக இருந்தால் வட்டமாகக் கடைந்து உள்ளே ஒரு புஷ் (உலோக உறை) அடித்துவிடலாம். மெலிந்திருந்தால் வளையத்தையே மாற்றணும், கொண்டு வந்தால் பார்த்துச் சொல்கிறேன். புஷ்ஷின் இரண்டு வாயையும் உருட்டிவிடச் சொல்லுங்கள். பின் இறுக்கமாகவும் இருக்கக் கூடாது. ட்ரெக்டர் பள்ளத்தில் இறங்கும்போது வளையம் சாயணுமே, இரண்டு மிமீ ஆட்டம் விடணும்.

கேரட்மலை எழுதியது:

அளந்தேன். புதிதாக 30 இருந்தது. இப்போது 26.3. எழுதவே கூச்சமாக இருக்கிறது.

லேத்பட்டறை எழுதியது:

இதில் கூச்சம் என்ன அண்ணே. உங்களுக்கும் சேர்த்துக் கம்பி வாங்குகிறேன்.

கொழுந்துவண்டி எழுதியது:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். வளையம் தப்பியது, புஷ் போட்டாயிற்று. பின் 28, புஷ் உள்ளளவு 30. கீழே கிளிப்புக்குப் பதிலாகக் கட்டியிருந்த கட்டுக்கம்பியை எடுத்துவிட்டுச் சரியான லிஞ்ச் பின் (பின் கழன்றுவிடாமல் பூட்டுகிற சிறு பின்) போட்டேன். சேஃப்டி செயின் இரண்டையும் ட்ரோபாருக்குக் கீழே குறுக்காக மாட்டியிருக்கிறேன், கழன்றாலும் ட்ரெய்லரின் மூக்கு அந்தச் செயின் மேல் விழும் என்று ஃபிட்டர் சொன்னார். காலையில் முதல் நடைக்கு முன் பின்னை உருவித் துடைத்து, விரல் நுனியில் எடுத்த மொலியை வட்டமாகத் தடவுகிறேன். ஒரு தேக்கரண்டிகூட ஆகாது. சனிக்கிழமை மண்ணெண்ணெயில் குளிப்பாட்டு. கிரீஸ் கன்னை ஃபிட்டர் பிடுங்கிக்கொண்டார்.

நேற்று மழை கொட்டியது, நிறைபாரம், மூன்றாம் வளைவு இறக்கம். பிரேக்கில் கால் வைத்தேன். லேசாக 'தொக்' என்றது. அந்த இரண்டு மிமீ.

மூணாம்கியர் எழுதியது:

மொலி டின் என்ன விலை?

பூந்தோட்டம் எழுதியது:

பிரேக் லைட் எரிகிறது, நன்றி தம்பி. டெனிஸ் போல் யோசனைதான் இரண்டு நாள் நின்றது. மகனுக்கு இன்றைக்கு மெட்ச், கழற்றிக்கொண்டு போய்விட்டான். பந்து போடுகிறவன் கையெல்லாம் கிரீஸாம்.